தூக்குவாளியின் அடியில்

சிறுகதையில் குறியீடு என்று ஒன்று கிடையவே கிடையாது, அது நோட்ஸ் போடுகிறவர்கள் பக்கத்தை நிரப்பக் கட்டிவிட்ட புரளி என்பது பன்னிரண்டாம் வகுப்புத் தமிழாசிரியர் தங்கேஸ்வரனின் ஆராய்ச்சி முடிவு. பாடக்கதையில் வரும் கிழிந்த குடை அந்த வீட்டின் தனிமையைக் குறிக்கிறது என்று ரெஜினா எழுதியிருந்ததை அன்று வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். "குடை எதுக்கும்மா? மழைக்கு. தனிமைக்கு யாராவது குடை பிடிப்பாங்களா?" வகுப்பே சிரித்தது.

"அப்ப அது ஏன் சார் கிழிஞ்சிருக்கு?" என்றாள் ரெஜினா.

"பழைய குடை. உக்காரு."

சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். நான்கு மாதங்களுக்கு முன் கோபித்துக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போன சுகிர்தா, போகும்போது எடுத்துச்சென்ற தூக்குவாளியை நீட்டினான்.

"அக்கா குடுத்துட்டு வரச் சொன்னா அத்தான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா மாப்ள?"

"இல்லையே."

அவன் போனதும் மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் சீனி. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று எந்த வீட்டிலும் போடுகிறதுதான். எதிர்வீட்டுக்காரிக்கும் சுகிர்தா அப்படித்தான் போட்டுக் கொடுப்பாள். "வழக்கம், அவ்வளவுதான்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுக் காபி போட்டார். வீட்டில் சீனி தீர்ந்து இரண்டு நாளாகிறது. வாளியைத் தொடாமல் கசக்கக் கசக்கக் குடித்து முடித்தார். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வழக்கத்துக்கு ஒரு கரண்டி போதுமே, இது இரண்டு இருக்குமோ என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.