பன்னிரண்டு மணிச் சங்கு

நகர்மன்றக் கூடத்து மின்விசிறி, மேசைமேல் கிடக்கும் மனுவின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இந்தக் கட்டடத்து மாடியிலிருந்து தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஊதும் சங்கை நிறுத்தச் சொல்கிறது மனு. கொடுத்த பெண், தூங்கும் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நிற்கிறாள். "அப்பதான் கண் அசந்திருப்பான், இது அலறும். சாயங்காலம் வரைக்கும் அழுகைதான். எல்லார்கிட்டயும் ஃபோன் இருக்கு, மணி பார்க்கச் சங்கு எதுக்குங்க?" நியாயம்தான். தீர்மானப் புத்தகம் எழுதும் எழுத்தரம்மாவுக்கும் அது புரிகிறது. ஆனாலும் பேனா நகர மாட்டேன் என்கிறது. எழுத்தரம்மாவின் சின்ன வயதில் இந்தச் சங்கைக் கேட்டுத்தான் அவள் அம்மா அடுப்பை அணைப்பாள்; தட்டு வைப்பதற்கும் அப்பாவின் சைக்கிள் வாசலில் வந்து சாய்வதற்கும் சரியாக இருக்கும். "நிறுத்தலாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்கிறார் தலைவர். உறுப்பினர்கள், இன்னும் கைக்கடிகாரம் கட்டுகிற வயதுக்காரர்கள், ஏழு பேரும் கை தூக்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து மாடியில் சங்கு பிடிக்கிறது. சன்னல் கண்ணாடி அதிர்கிறது, குழந்தை வீறிடுகிறது. தூக்கிய கைகளெல்லாம் தாமாக இறங்கிக் கடிகாரத்தைத் தேடுகின்றன. தலைவர் குனிந்து தன் கடிகார முள்ளை இரண்டு நிமிடம் முன்னே தள்ளுகிறார். சங்கு ஓய்ந்த பிறகுதான் நிமிர்கிறார். "எத்தனை கைம்மா?" "எண்ணாம விட்டுட்டேங்க" என்கிறாள் எழுத்தரம்மா, தன் கடிகாரத் திருகிலிருந்து விரலை எடுக்காமலே. "இன்னொரு தடவை தூக்குங்க" என்கிறார் தலைவர். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருக்கிறது. கைகள் மறுபடி உயர்கின்றன. இந்தத் தடவை ஒவ்வொன்றாக, ஏழும்.