ஆறாவது காய்

இரண்டு பேர் ஆடும் அந்த மரப்பலகை ஆட்டத்தில் விதி எளிது. ஒரு காய் இன்னொரு காயின் மேல் ஏறி உட்காரலாம். உச்சியில் எந்த நிறம் இருக்கிறதோ, அடுக்கு முழுவதும் அந்தப் பக்கத்துக்குச் சொந்தம்.

ஒரு கருப்புக் காயின் மேல் ஐந்து வெள்ளைக் காய்கள் ஏறியிருந்தன. அதன் முதுகில் விரிசல் விழ ஆரம்பித்திருந்தது.

"கொஞ்சம் இறங்குங்களேன், மூச்சு முட்டுது" என்றது கருப்பு.

"உன் ஆளுங்க யாராவது வந்து கேட்கட்டும்" என்றது உச்சியில் இருந்த வெள்ளை.

பக்கத்துக் கட்டத்தில் நின்ற இன்னொரு கருப்புக் காய்க்கு இது கேட்டது. "பொறுத்துக்கோ தம்பி, இதோ வரேன். இனிமே இது நம்ம அடுக்கு."

கீழே இருந்த காய்க்கு அழுகையே வந்துவிட்டது. "வாங்கண்ணே, சீக்கிரம் வாங்க!"

அண்ணன் வந்தது. உச்சி வெள்ளையின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. பலகையில் இருந்த கருப்புக் காய்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன.

"ஜெயிச்சுட்டோம்ல அண்ணே! இப்ப என்னை வெளியே எடுங்க."

"அடியில இருக்கிற உன்னை உருவினா அடுக்கே சரிஞ்சிடுமேடா. அப்புறம் நான் எங்கே நிக்கிறது?"

ஆரவாரம் அடங்கவில்லை. கீழே இருந்த காயின் விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டது. அதன் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த வெள்ளைக் காய் அன்றுதான் முதல் தடவையாக அதனிடம் பேசியது.

"உனக்கும் கனக்குதா?"