மாமனாரைக் கண்டால் அலறும் பெட்டி

டக்கடக்கடக்கடக்!

கதிர்வீச்சு மீட்டர் பேய் பிடித்ததுபோல் அலறியது. மாப்பிள்ளை அவசரமாக அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார். வாங்க வந்த ஆஸ்பத்திரி மேடம் எதிரிலேயே நிற்கிறார்!

அறை வாசலில் மாமனார். "என்ன மாப்பிள்ளை, நான் உள்ள வந்தாலே உங்க பெட்டி குரைக்குது? இதுக்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாமே, வாலாவது ஆட்டும்!"

பெட்டி என்று அவர் நக்கலடித்தது, மீட்டருக்கு ஆயிரம் வோல்ட் ஊட்டும் பவர் சப்ளையை. மின்சாரம் ஆடாமல் அசையாமல் வரவேண்டும். இம்மி பிசிறினாலும் மீட்டர் அதையே கதிர்வீச்சு என்று நம்பி எண்ணித் தொலைக்கும். வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்னறையில் மண்டையை உடைத்துக்கொண்டு மாப்பிள்ளை செய்த பெட்டி. இன்று தேறாவிட்டால் மாமனாரின் பெயின்ட் கடையில் டப்பா தூக்குவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தார்.

"தாத்தா!" என்று மாப்பிள்ளையின் மகள் ஓடிவந்தாள்.

"கிட்ட வராதே! போ, அம்மாகிட்ட போ!" என்று எரிந்து விழுந்தார் மாமனார். மருமகன் மேல் இருந்த கடுப்பு, பாவம், குழந்தை தலையில் விடிந்தது போலும்.

மாப்பிள்ளை பெட்டியை அணைத்து, பிசிறை வடிகட்டும் கெபாசிட்டரை மாற்றினார். வயர்களுக்குத் தகர உறை போட்டார். மாமனார் போன் பேச வெளியே போயிருந்தார். மறுபடி போட்டதும் வோல்ட் முள் ஆணி அடித்தாற்போல் நின்றது. மீட்டரும் பரம சாதுவாக டக்... டக்... என்றது.

"சரியாயிடுச்சு மேடம்!"

சொல்லி வாய் மூடவில்லை, மாமனார் திரும்பி வந்தார். டக்கடக்கடக்கடக்!

மேடம் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "முள்ளுல தெரியாத பிசிறு ஏதோ இருக்கு சார். இதை நம்பி நாங்க எப்படி வாங்கறது? வேற இடம் பார்த்துக்கறோம்."

மாப்பிள்ளையின் மூக்கில் இப்போதே பெயின்ட் வாசனை அடித்தது. முகம் தொங்கிப்போயிற்று.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். அதிசயமாக, கிண்டல் எதுவும் வரவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, அத்தை காதுல போட்டுடாதீங்க... காலையில ஹார்ட் ஸ்கேனுக்குன்னு எனக்குக் கதிரியக்க ஊசி போட்டாங்க, அதையும் இது எண்ணுமா?"