ஒன்பதாம் நம்பர் விமானம்

இதை என்னிடம் முதலில் சொன்னவள் என் மூத்த மகள். போன மழைக்காலத்தில் கால் சுளுக்கி ஒரு வாரம் என்னோடு இருந்தபோது, பழைய ஆபீஸ் போட்டோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

அவள் கம்பெனி வாங்கப்போவது, கரண்டில் பறக்கும் சின்ன விமானங்கள் பன்னிரண்டு. சார்ஜ் போடும் இடமோ மூன்றே மூன்று. யார் முதலில், யார் காத்திருப்பது என்று விதி எழுதி, விமானம் வாங்குவதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் பறக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

விதி எழுதியவள் மகள். சரிபார்ப்பவர், முன்பு நிஜ விமானமே ஓட்டிய கேப்டன் அக்கா. இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே ஜன்னல், ஒரே பிளாஸ்க்.

“அந்த டீ மாதிரி அப்புறம் நான் குடிக்கவே இல்லைம்மா” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் நிமிர்ந்தார்.

“ஒன்பதாம் நம்பர் வந்தா மட்டும் மத்ததெல்லாம் ஒதுங்கி வழி விடுதே, அதுக்கென்ன மாப்பிள்ளை மரியாதை?”

மகள் விழித்தாள். அப்படி ஒரு வரி அவள் எழுதவே இல்லை.

“நான்தான் சார் சேர்த்தேன்” என்றார் கேப்டன் அக்கா.

“அது போறது நீங்க ஓட்டின ரூட்தானே?”

“ஆமா சார். பத்து வருஷம்.”

“ஓஹோ, பழைய பாசம்! சொந்தக்காரங்களுக்கு பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். “தப்புதான் சார்.”

அன்றைக்கே அவரை மாடியிலிருந்த வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார் மேனேஜர். மகளிடம், “உன் விதி பிரமாதம். சராசரியா எட்டு நிமிஷம்தான் காத்திருக்கு. வேலை உனக்குத்தான்” என்றார்.

மகளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ‘உயிரைக் கொடுத்து எழுதினேன். அதுல கை வைக்க இவங்க யாரு?’ அக்கா மேஜையைக் காலி செய்தபோது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மத்தியானம் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, விமானங்களை மறுபடி பறக்கவிட்டாள். சராசரி ஏழு நிமிஷமாகக் குறைந்தது! பெருமையோடு பார்த்தாள்.

ஒன்பதைக் காணோம்.

தேடினால், ஓரமாக நிற்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப்படி மூன்று நாளாக.

‘சீக்கிரம் சார்ஜ் ஏறுவது முதலில்.’ இதுதான் அவள் விதி. தொலைதூரத்திலிருந்து பேட்டரி காலியாகி வரும் ஒன்பதுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பத்து நிமிஷக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முந்திக்கொள்ள, அது நின்றது நின்றபடி. கிளம்பாத விமானம் சராசரியிலும் சேராது.

காலையில் மேனேஜர் இதைப் பார்த்திருந்தால்?

படிப்படியாக ஏறாமல், தாவித் தாவி மாடிக்கு ஓடினாள்.

“அக்கா, தப்பு என்னோடது. ஏன் சொல்லலை?”

கேப்டன் அக்கா புது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நீ வீட்டுக்குப் போனப்புறம்தான் பார்த்தேன். அவசரத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டேன். விதியைத் திருத்த உனக்குத் திங்கட்கிழமை இருக்குடி. வேலை நிரந்தரமாக இன்னிக்கு ஒரு நாள்தானே இருந்துச்சு?”

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்ல என் மகளுக்கு இரண்டு வருஷம் ஆனது.

அந்த அக்காவுக்கு வரும் புதன்கிழமை முழங்காலில் ஆபரேஷன். உங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டன் அக்கா என்றால் கடவுளுக்குத் தெரியும்.