காணொலி வாதம்

"திரையைப் பார்க்காதீங்கப்பா. மேலே ஒரு சின்னப் புள்ளி தெரியுதில்ல, அதுதான் கேமரா. அதைப் பார்த்துப் பேசினாத்தான் ஜட்ஜ் கண்ணைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கும்."

"புள்ளியைப் பார்த்து எப்படிம்மா வாதாடறது? மனுஷன் மூஞ்சியைப் பார்த்தாத்தானே எனக்கு வாய் வரும்" என்று அலுத்துக்கொண்டார் இடி வக்கீல்.

கோர்ட் வராந்தாவில் வைத்த பெயர் அது. அவர் ஒரு அறையில் வாதாடினால் அடுத்த அறையில் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாராம். மனைவி போன பிறகு, போதும் என்று கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டியவர், போன வாரம்தான் அதை மறுபடி வெளியே எடுத்தார்.

காரணம் மகள் கொண்டுவந்த செய்தி. அவளும் வக்கீல்தான்.

"அந்த ஆலை கேஸை மறுபடி விசாரிக்கச் சொல்லி மேல்கோர்ட் உத்தரவு போட்டிருக்குப்பா. அதைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் வாதாடணும். வீட்ல இருந்தே பேசலாம்."

ஆலையில் மெஷினில் சிக்கிச் செத்தவனின் மனைவிக்காக அவர் நடத்திய வழக்கு அது. தோற்றுப்போனார். அவர் தோற்ற வழக்குகள் எத்தனையோ உண்டு. இது மட்டும் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் வெறுங்கையோடு படியிறங்கிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

"அந்தம்மா ஏன் இன்னும் என்னை வந்து பார்க்கலை?"

"வெளியூர்ல இருக்காங்கப்பா. அங்கேயிருந்தே பார்ப்பாங்க."

மகள் பம்பரமாகச் சுழன்றாள். லேப்டாப் கண் உயரத்துக்கு வரவேண்டும் என்று அதன் அடியில் சட்டப் புத்தகங்களை அடுக்கினாள்.

"ஆயுசு பூரா படிச்சது கடைசியில முட்டுக்கொடுக்கத்தான் ஆச்சு" என்று சிரித்தார் வக்கீல்.

ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும் என்று மேஜையைத் திருப்பிப் போட்டாள். இரைச்சல் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தினாள். மகன் ஒரு விளக்கைக் கொண்டுவந்து எதிரே வைத்தான். வீட்டு விஷயத்தில் அப்பாவோடு முட்டிக்கொண்டு மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவன், "கண்ணு கூசுதாப்பா?" என்று கேட்டு விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினான். பெரியவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"மைக் பக்கத்துல பேப்பரைப் புரட்டாதீங்க. இடி இடிக்கிற மாதிரி கேக்கும்."

"இடிக்குத்தான் நான் இருக்கேனே."

"விளையாடாதீங்கப்பா. ஒரு விஷயம் சொன்னதும் கொஞ்சம் நிறுத்தணும், அப்புறம்தான் அடுத்தது. ஜட்ஜ் தன் கேமராவையும் மைக்கையும் அணைச்சிட்டுத்தான் கேப்பாரு. திரை கறுப்பா இருக்கேன்னு தயங்காதீங்க."

"நடுவுல கேள்வி கேக்க மாட்டாரா?"

"இப்பல்லாம் அப்படித்தான். தீர்ப்பை மட்டும் நேர்ல கூப்பிட்டுச் சொல்வாங்க."

"குறுக்கே பேசாத ஜட்ஜ் என் காலத்துல ஒருத்தரும் கிடைக்கலையேம்மா."

மகள் எதையோ அழுத்திவிட்டு, "ஆரம்பிங்க" என்று சைகை காட்டி ஒதுங்கி நின்றாள். சரியாக அழுத்தினோமா என்று அவள் மறுபடி எட்டிப் பார்த்ததைக் கவனித்தார். 'என்னைவிட இவளுக்குத்தான் பயம்' என்று நினைத்துக்கொண்டார்.

"கனம் நீதிபதி அவர்களே" என்று தொடங்கியபோது குரல் கொஞ்சம் கரகரத்தது. பிறகு பிடித்துக்கொண்டது. மெஷினுக்குத் தடுப்பு வைக்காத ஆலையைத் தாளித்து எடுத்தார். செத்தவன்மேலேயே பழியைப் போட்ட மேனேஜரைக் கிழி கிழியென்று கிழித்தார். நடுநடுவே நிறுத்தி, "நான் சொல்றது கேக்குதுங்களா?" என்று கறுப்புத் திரையிடம் பணிவாகக் கேட்டார். மகள் தலையாட்டியதும் தொடர்ந்தார். கடைசியில், "அந்தம்மா இன்னும் உங்க வாசல்லதான் நிக்கறாங்க. இந்தத் தடவையும் அவங்களை வெறுங்கையோட அனுப்பிடாதீங்க" என்று கைகூப்பி முடித்தார்.

"எப்படிம்மா?"

"தெளிவா வந்திருக்குப்பா" என்றாள் மகள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வாரம், இன்றைக்குத் தீர்ப்பு என்று சொல்லி மகளும் மகனும் அவரைக் காரில் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். கோட்டை எடுத்தவரிடம் மகள், "அது வேண்டாம்ப்பா. இன்னைக்கு நீங்க உக்காந்து கேக்கத்தானே போறீங்க" என்றாள்.

மகன் அவரை முன்வரிசையில் உட்காரவைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டான். அவர் திரும்பித் திரும்பி அந்த அம்மாளைத் தேடினார். காணவில்லை.

மகள் எழுந்து நின்றாள். சுவரில் இருந்த பெரிய திரை ஒளிர்ந்தது. அதில் அவர் முகம். நெற்றிச் சுருக்கம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. குரல் அறை முழுவதும் கணீரென்று ஒலித்தது. நன்றாகத்தான் வாதாடியிருக்கிறோம் என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

காணொலி முடிந்ததும் மகள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"கனம் நீதிபதி அவர்களே, இவர் பேசினப்போ எதிர்ல யாருமே இல்லை, அந்த வழக்கை யாரும் மறுபடி எடுக்கவும் இல்லை, அந்தம்மா செத்தே பல வருஷமாச்சு. எங்க அப்பா புத்தி எந்த நிலையில இருக்குன்னு நீங்களே பார்த்தீங்க, அதனால அவர் பேர்ல இருக்கிற வீட்டை விக்கிற அதிகாரத்தை எனக்கும் என் தம்பிக்கும் கொடுக்கணும்னு கேட்டுக்கறேன்."