தங்கச்சிக்காக வந்தவள்

“ஒடம்பு சரியில்லாதது என் தங்கச்சிக்குத்தாங்க டாக்டர்,” என்றாள் சந்தியா. வடக்கனந்தலிலிருந்து பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் இருக்கும் மனநல மருத்துவர் மலர்விழியைத் தேடி வந்திருந்தாள்.

“தங்கச்சிக்கு என்ன பண்ணுது?”

“ரோட்டுல கரும்பு டிராக்டர் பாட்டு போட்டுக்கினு போனா, தன்னைக் கிண்டல் பண்ணத்தான் போடுறாங்கன்றா. எதிர் வூட்ல சிவப்புப் புடவை காயப்போட்டா, தன்னைக் காட்டிக் குடுக்குற அடையாளம்னு கதவைச் சாத்திக்கிறா. ஏங்க இப்படி?”

“மூளையில ஏற்படுற மாற்றம்மா. சாதாரண விஷயம்கூட, ‘இது உனக்குத்தான்’னு அழுத்தமாத் தோணும். ஏன்னு புரியாம மனசு தவிக்கும். அப்ப ஒரு காரணம் கிடைச்சா, அது தப்பா இருந்தாலும் கெட்டியாப் புடிச்சுக்கும். மாத்திரை சாப்பிட்டா குறையும். அவங்களை அழைச்சிட்டு வாங்க.”

சந்தியா எழுந்திருக்கவில்லை.

“நல்லா ஆயிடுவாளா?”

“ஆவாங்க. பக்கத்துல இருந்து பார்த்துக்க ஆள் இருக்கா?”

“இல்லீங்க. எல்லாரையும் சந்தேகப்பட்டு, பேசறதையே வுட்டுட்டா.”

“அதான் நீங்க இருக்கீங்களே!”

அதைக் கேட்டதும் சந்தியா உடைந்து அழுதாள்.

“எனக்குத் தங்கச்சியே கெடையாதுங்க. எல்லாம் எனக்குத்தான்.”

மலர்விழி எழுந்து வந்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“நீங்களும் என்னைக் காட்டிக் குடுக்குறவங்க ஆளா இருந்துட்டா? இப்பவும் அந்த பயம் போவல. ஆனா, யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசி மாசக்கணக்கா ஆவுதுங்க.”