சீரியல் நம்பர்

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க."

அவன் சொல்ல வந்ததை மறந்துபோனான்.

எதிரே கம்ப்யூட்டர் திரையில் அந்த மெயில் திறந்திருந்தது. அவளிடம் இருக்கும் லேப்டாப்பின் வாரண்டி இன்றோடு முடிகிறது. நீட்டிக்க விரும்பினால் இன்றே நீட்டித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அவன் பெயரில், அவன் மெயில் முகவரி கொடுத்து வாங்கியது. அதனால் அவனுக்கு வந்திருக்கிறது.

அப்போது அவள் அவன் மனைவி.

மெயிலை அப்படியே அவளுக்கு அனுப்பியிருக்கலாம். முதலில் அதற்குத்தான் கை போனது. பிறகு போனை எடுத்தான்.

பதினான்கு மாதங்கள் ஆகின்றன. குடும்ப நீதிமன்றப் படியில் இறங்கும்போது, "மழ வர்ற மாதிரி இருக்கு, பாத்துப் போங்க" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. அவனுக்குக் கரூரில் வேலை, அவளுக்குத் தஞ்சாவூரில். வாராவாரம் போய்வந்தது மாதம் ஒருமுறை ஆனது. சொல்ல ஏதாவது இருந்தால் பேசினார்கள். போகப்போக, சொல்ல எதுவும் இல்லாமல் போனது.

"லேப்டாப் வாரண்டி முடியுது, சுகந்தி. நீட்டிக்கணும்னா இன்னைக்கே பண்ணிடணும்."

"ஐயோ, இன்னைக்கேவா?" அவள் குரல் பதறியது. "போன வாரம்கூடத் திடீர்னு அணைஞ்சு போச்சு. ஒரு வீட்டு பிளான் பாதியில நிக்குது. இன்ஜினியர் சார் கேட்டுக்கிட்டே இருக்கார். எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம் அதுவா வந்துச்சு."

"நீட்டிச்சுட்டா பயமில்ல. அடியில சீரியல் நம்பர் இருக்கும். அதப் படிச்சா போதும்."

படி என்பதா, படிங்க என்பதா என்று தெரியாமல்தான் 'படிச்சா போதும்' என்று முடித்தான்.

லேப்டாப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

கண்ணாடி.

அவள் கண்ணாடி போட்டு அவன் பார்த்ததில்லை. எப்போது போட்டாள்? யாரோடு போய்க் கண்ணைக் காட்டினாள்?

அவன் பார்த்திராத அந்த வீட்டில் மேசை டிராயர் ஒன்று திறந்தது. மின்விசிறி கடகடத்தது. குக்கர் ஒரு விசில் விட்டது. ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ம், எழுதிக்கங்க. அஞ்சு. சி. ஜி. நாலு."

"நாலு."

"பி."

"எந்த பி? பழனி பி-யா?"

"அது இல்ல. இன்னொண்ணு."

"இன்னொண்ணுன்னா?"

கொஞ்சம் தயங்கினாள்.

"பூபதிக்கு வர்ற பி."

விசைப்பலகையின் மேல் அவன் விரல் அப்படியே நின்றது.

ஒன்பது வருடம் அவனோடு வாழ்ந்தவள். ஒருமுறைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. 'என்னங்க' என்பாள். இல்லாவிட்டால் அவன் இருக்கும் அறை வாசலில் வந்து நிற்பாள். வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் கணவர் பெயரைக் கேட்டபோது அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கோர்ட்டில்கூட அவள் வக்கீல்தான் சொன்னார்.

"போட்டாச்சா?" என்றாள்.

"ம். போட்டாச்சு."

"ஏழு. எம். ரெண்டு. அவ்வளவுதான். ஒரு தடவ திரும்பப் படிங்க."

படித்தான். அந்த எழுத்து வந்தபோது வெறும் பி என்று சொல்லிக் கடந்தான்.

"ஆங், சரியா இருக்கு."

அடுத்த பக்கம் வந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"மூணு வருஷத்துக்குப் போட்டுடறேன். நடுவுல உனக்குத் தொந்தரவு இருக்காது."

'உனக்கு' வாய் தவறி வந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.



"சுகந்தி?"

"ஒரு வருஷம் போதும்."

"ஏன், புதுசு வாங்கப் போறியா?"

"இல்ல. இதேதான்."

"அப்ப மூணாவே போட்டுக்கலாமே. வருஷா வருஷம் இப்படிப் போன் பண்ணி, நம்பரப் படிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

அந்தப் பக்கம் இன்னொரு விசில் வந்தது. அவள் எழுந்து போகவில்லை.

"ஒண்ணே போடுங்க" என்றாள்.

ஒரு வருடம் என்று இருந்த இடத்தில் கிளிக் செய்து பணத்தைக் கட்டினான். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"ஆச்சா?"

"சுத்துது."

"ம்."

வட்டம் நின்றது. ஆயிற்று என்று எழுத்து வந்தது.

அதை அவன் அவளிடம் உடனே சொல்லவில்லை.